வெள்ள நேரத்தில் மண்டபத்துச் சாப்பாட்டை முகாமுக்குக் கொண்டுபோவது: கெடாமல் சேர்க்க என்ன வழி?

வேளச்சேரி_குழு:
2015-லயும் சரி, 2023 மிக்ஜாம் புயல்லயும் சரி, சென்னையில வெள்ளம் வந்தது டிசம்பர் முதல் வாரம். கார்த்திகை முகூர்த்த நாட்கள். 600 பேருக்குச் சமைச்சு 200 பேர்தான் வர்ற மண்டபங்கள் அப்போ நிறைய இருக்கும். இந்த வருஷம் அதை முறையா எடுத்து வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கொடுக்கலாம்னு இருக்கோம். ஒரு டாடா ஏஸ், 8 பேர், ஒரு நேரத்துக்கு 300 பேர் கணக்கு. சாம்பார் சாதம் வழியிலேயே புளிச்சுடும்னு சொல்றாங்க. எதை எடுக்கணும், எதை விடணும்?

சமையல்கட்டு:
மண்டபத்துக்காரர் கூப்பிட்டதும் "எவ்வளவு இருக்கு"ன்னு கேக்காதீங்க. "அடுப்பிலிருந்து எப்போ இறக்கினீங்க"ன்னு கேளுங்க. மதியச் சாப்பாட்டு சாம்பாரைக் காலை 10 மணிக்கே இறக்கிடுவாங்க. உங்களுக்கு போன் வர்றது 2:30-க்கு. அப்பவே நாலரை மணி நேரம் போயாச்சு. அதனால சமையல் மாஸ்டர்கிட்ட முன்னாடியே பேசி வைங்க. மழை நாள்ல முதல் பந்தியிலேயே கூட்டம் தெரிஞ்சுடும், 12 மணிக்கே சொல்லிடுவார். இன்னும் அடுப்பேத்தாத அரிசி, பருப்பு, காய் இருந்தா சமைக்காம அப்படியே வாங்கிக்குங்க. முகாம்ல அடுப்பு இருந்தா அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு கட்டாயம் வேணும். அண்டாவோட நடுவுல மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க, ஓரத்துலயும் குத்திப் பாருங்க. 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கின நேரத்திலேருந்து 4 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடணும். வெதுவெதுன்னு கிடக்கிற சோத்துல பேசில்லஸ் செரியஸ்னு ஒரு கிருமி வளரும். அது விடுற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது, வாசனையிலயும் தெரியாது. சந்தேகம் வந்தா கொட்டிடுங்க. முகாம்ல கழிவறை வசதியே குறைவு, அங்க 50 பேருக்கு வாந்தி பேதின்னா தாங்காது.

லோடு_மணி:
வண்டி விஷயம் சொல்றேன். அண்டாவை முக்கால் பாகத்துக்கு மேல நிரப்பாதீங்க. சாம்பாருக்கு நாலு விரல் இடம் விட்டு, மூடியை வேட்டித்துணியால இறுக்கிக் கட்டுங்க. சாதத்தையும் சாம்பாரையும் கலக்காம தனித்தனியா கொண்டுபோங்க. கலந்து சூட்டோட பிளாஸ்டிக் கவர்ல கட்டினா உள்ளே வேர்த்துத் தண்ணி விட்டு, சீக்கிரம் புளிக்கும். முகாமுக்கு அண்டாவாவே போகட்டும், அங்கேயே பரிமாறலாம். வீட்டு மாடியில சிக்கிக்கிட்டவங்களுக்கு மட்டும் பொட்டலம். அதுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம்தான் சரி. 400 கிராம் வீதம் 300 பொட்டலம்னா 120 கிலோ, ஏஸுக்கு அது பாரமே இல்லை.

பாரத்தைவிடத் தண்ணிதான் பிரச்சினை. சைலன்சர் மூழ்குற ஆழத்துக்குள்ள வண்டியை விடாதீங்க. இன்ஜின் நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி ஏறியிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தண்ணி தொடங்குற இடத்துல மீன்பாடி வண்டிக்கோ (மூணு சக்கர பார வண்டி) படகுக்கோ மாத்தணும். 50 கிலோ அண்டாவை முழங்கால் தண்ணில தூக்கவே முடியாது. அதனால மூடி போட்ட 10, 15 கிலோ தூக்குகள்ல ஏத்துங்க.

வேளச்சேரி_குழு:
நன்றி அண்ணா. பிரியாணி, தயிர்சாதம், இனிப்பு எல்லாம் எடுக்கலாமா?

சமையல்கட்டு:
தம் உடைக்காத, அதாவது மூடியை இன்னும் திறக்காத தேக்சா (பிரியாணி அண்டா), திறந்ததும் ஆவி பறந்தா பிரியாணியை எடுங்க, வெங்காயப் பச்சடியை விட்டுடுங்க. தேங்காய் சட்னி, அவியல், தேங்காய் போட்ட கூட்டு, பால் பாயசம், பனீர் எதுவும் வேண்டாம். தயிர்சாதம் அப்போ கலந்ததுன்னா சரி, பால் அதிகம் ஊத்தினதுன்னா வேண்டாம். லட்டு, மைசூர்பாகு தாராளமா எடுங்க. இலையில பரிமாறினது, பஃபேல திறந்து கிடந்தது ரெண்டையும் தொடாதீங்க.

விதிமுறை_தேவி:
உபரி உணவுக்குன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2019-ல தனி ஒழுங்குமுறை கொண்டு வந்தது, 2020 ஜூலை 1 முதல் அமல். விநியோகிக்கிற குழு பதிவு பண்ணிக்கணும். ஒவ்வொரு பாத்திரத்துலயும் உணவோட பேர், எங்கேருந்து வந்தது, சமைச்ச தேதி, எதுவரை சாப்பிடலாம், சைவமா அசைவமா, இவ்வளவும் எழுதணும். மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும் போதும், ஆனா ஈரக்கையால ஒட்டினா டேப் நிக்காது, துடைச்சுட்டு ஒட்டுங்க. இறக்கின மணியையும் சேர்த்து எழுதுங்க.

சாப்பாடு ஏத்துறதுக்கு முன்னாடியே வார்டு அலுவலகத்துலயோ மாநகராட்சி 1913-லயோ எந்த முகாம்ல எத்தனை பேர்னு கேட்டுடுங்க. மெயின் ரோட்டு முகாமுக்கு மூணு வண்டி வந்து நிக்கும், உள் தெருவுக்கு ஒண்ணும் போகாது. குடிதண்ணீர் கேனும் கூடவே போகட்டும். மார்கழி பிறந்தா கல்யாணம் நின்னுடும், அதனால ஹாஸ்டல், கம்பெனி கேன்டீன்களோட இப்பவே பேசி வைங்க. மண்டபத்து அண்டா பெரும்பாலும் வாடகைப் பாத்திரம். மூடி, கரண்டி உட்பட எண்ணி எழுதி வாங்கி, அன்னைக்கே கழுவித் திருப்பிடுங்க.