‘கீழத்தெரு வீடு’ குழுவில் குழலியின் பாஸ்போர்ட்

*ஞாயிறு*

பெரியப்பா: (தாமரைப்பூ படம்) இனிய காலை வணக்கம்

அம்மா: கணேசா, இன்றைக்குப் பிள்ளைக்குப் பதினாறாம் நாள். பாஸ்போர்ட் எப்போது வரும்? ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். அதற்குள் செங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிடுவாய்தானே?

கணேசன் அண்ணன்: பாஸ்போர்ட்டுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறதும்மா. இங்கே துபாயில் இந்திய கான்சுலேட்டில் பிறப்பைப் பதிய வேண்டும். அது நடந்தால்தான் அவள் இந்தியக் குடிமகள்.

அம்மா: இது என்ன கூத்து? நீயும் இந்தியா, செல்வியும் இந்தியா. பிள்ளை மட்டும் வேறயா?

கணேசன் அண்ணன்: சட்டம் அப்படி. 2004 டிசம்பர் 3-லிருந்து வெளிநாட்டில் பிறக்கிற பிள்ளைகளை ஒரு வருஷத்துக்குள் பதிய வேண்டும்.

பெரியப்பா: எங்கள் பெரியவன் 1990-இல் மஸ்கட்டில் பிறந்தான். இந்தக் கெடு எல்லாம் அப்போது கிடையாது.

முருகன் (ஒசாக்கா): ஆமாம் பெரியப்பா, அப்போது அப்பா இந்தியராக இருந்தால் போதும். அம்மா இந்தியராக இருந்தாலும் போதும் என்று வந்ததே 1992 டிசம்பர் 10-க்கு அப்புறம்தான்.

அம்மா: சுமந்து பெற்றவளைக் கணக்கில் சேர்க்க அத்தனை வருஷமா!

நான்: துபாயில் பிறந்தால் துபாய்க்காரி ஆக முடியாதா அண்ணா?

கணேசன் அண்ணன்: இங்கே பிறந்ததற்காகக் குடியுரிமை தர மாட்டார்கள். அதனால் இப்போதைக்கு அவள் எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லை. 120 நாளுக்குள் அவளுக்கு ரெசிடென்ஸ் விசா எடுக்க வேண்டும், தவறினால் அபராதம். விசா எடுக்கப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பதிவு வேண்டும்.

முருகன் (ஒசாக்கா): அந்த நெருக்கடி ஒரு வகையில் நல்லது அண்ணா. இங்கே ஜப்பானில் பிள்ளை பிறந்தால் 14 நாளுக்குள் நகராட்சியில் சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு யாரும் தொந்தரவு செய்வதில்லை. என்னுடன் வேலை பார்க்கிற ஒருவர், அதுதான் எல்லாம் முடிந்ததே என்று இருந்துவிட்டார். ஊருக்குப் போக டிக்கெட் பார்க்கும்போதுதான் நினைவு வந்தது. பிள்ளைக்கு அப்போது பதினான்கு மாதம். வருஷம் தாண்டினால் மத்திய அரசு அனுமதி கொடுத்தால்தான் பதிவு. டில்லியிலிருந்து பதில் வருமா என்று தினமும் மெயிலைத் திறந்து பார்ப்பார். பாவமாக இருக்கும்.

தாத்தா (அம்மா போனில் பேசிய குரல்பதிவு, நான் தட்டச்சு செய்தேன்): ஏல கணேசா, நான் 1948-இல் செங்கோட்டையில் நம் கீழத்தெரு வீட்டில் பிறந்தபோது இது திருவிதாங்கூர் ராஜ்யம். கொல்லம் ஜில்லா. எட்டு வயதில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி, மெட்ராஸ் மாநிலம், திருநெல்வேலி ஜில்லா. 1969-இல் அது தமிழ்நாடு ஆனது. 2019-இல் தென்காசி மாவட்டம். நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என்னிடம் யாரும் ஒரு படிவம் கேட்டதில்லை. பதினாறு நாள் பிள்ளையிடம் இத்தனை கேட்கிறானா?

பெரியப்பா: 👏👏👏

கணேசன் அண்ணன்: சரி தாத்தா, விஷயத்துக்கு வருகிறேன். பெயர் முடிவாக வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘செல்வியின் குழந்தை’ என்றுதான் இருக்கிறது.

தாத்தா: குழல்வாய்மொழி.

கணேசன் அண்ணன்: தாத்தா, ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து. அதில் ழ இரண்டு தடவை.

தாத்தா: குற்றாலத்து அம்மன் பெயர். எழுத்தை எண்ணியா வைப்பார்கள்?

செல்வி மதினி: தாத்தா, குழலி என்று வைக்கலாமா? அதே அம்மன்தான். ஏழு எழுத்து, சரியாகப் பாதி.

(நாற்பது நிமிஷம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.)

தாத்தா: வீட்டில் முழுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

செல்வி மதினி: நன்றி தாத்தா ❤️

அம்மா: அப்போ க. குழலி. முடிந்தது.

கணேசன் அண்ணன்: அங்கேதான் சிக்கல். இனிஷியலை ஒற்றை எழுத்தாக விட்டால் பின்னால் எல்லா இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, அதனால் நான் பட்டது போதும். 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் இங்கே வர விடுவதில்லை. ரெசிடென்ஸ் விசா இருந்தால் அந்தத் தடை இல்லை, ஆனாலும் எதற்கு வம்பு? பெயர் குழலி, சர்நேம் கணேசன். பிறப்புச் சான்றிதழில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும்.

*புதன்*

கணேசன் அண்ணன்: (படம்) பிறப்புச் சான்றிதழின் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். ஆங்கிலம் சரி. அரபி யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?

அம்மா: பக்கத்து வீட்டுப் பாயிடம் காட்டுகிறேன். கடையநல்லூரில் ஓதிக்கொடுத்தவர்.

அம்மா: ‘குஸாலி’ என்று இருக்கிறதாம்.

நான்: 😂😂

கணேசன் அண்ணன்: ஆங்கிலத்தில் ழவுக்கு இசட் போட்டதை அப்படியே படித்துவிட்டார்கள்.

அம்மா: அரபியில் ழ இல்லையாம். ல போட்டு ‘குலலி’ என்று எழுதச் சொல்கிறார். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார், படம் அனுப்புகிறேன். கான்சுலேட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களே?

கணேசன் அண்ணன்: இல்லம்மா, கான்சுலேட்டுக்கு ஆங்கிலம்தான். ஆனால் எமிரேட்ஸ் ஐடியில் அரபியும் வரும். அச்சாகும் முன் மாற்றச் சொல்லிவிடுகிறேன். பாய்க்கு சலாம் சொல்லுங்கள்.

பெரியப்பா: கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா? அதில்லாமல் ஒன்றும் நகராதே.

செல்வி மதினி: இருக்கிறது பெரியப்பா. கல்யாணம் எங்கள் ஊர் ஆரியங்காவில் நடந்ததால் பஞ்சாயத்தில் பதிந்ததும், அப்பா திருவனந்தபுரம் நார்க்கா ஆபீஸுக்கு (வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு ஆபீஸ்) எடுத்துப் போய் முத்திரை போட்டு வந்தார். அப்புறம் வெளியுறவுத் துறை, எமிரேட்ஸ் தூதரகம், இங்கே வந்து இவர்கள் வெளியுறவுத் துறை. பின்பக்கம் முழுக்க ஸ்டிக்கரும் முத்திரையும்தான். பிறப்புச் சான்றிதழுக்கு இங்கே முதலில் கேட்டதே அதைத்தான்.

அம்மா: அன்றைக்கு உன் அப்பாவை ‘எதற்கு இந்த அலைச்சல்’ என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு.

*பன்னிரண்டு நாள் கழித்து*

கணேசன் அண்ணன்: இன்றைக்குக் காகிதம் எல்லாம் கொடுத்தாச்சு. உள்துறை அமைச்சகத் தளத்தில் நிரப்பிய படிவம், பிறப்புச் சான்றிதழ், எங்கள் இருவர் பாஸ்போர்ட், விசா நகல், கல்யாணச் சான்றிதழ். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. பாஸ்போர்ட் விண்ணப்பமும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

நான்: போட்டோ எப்படி எடுத்தீர்கள்?

செல்வி மதினி: அதைக் கேட்காதே. வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்து, மேலே நாற்காலியில் ஏறி நின்று இவர் எடுத்தார். கண் திறந்திருந்தால் வாய் திறந்திருக்கும், வாய் மூடினால் தூங்கிவிடுவாள். அறுபத்து மூன்றாவது படம் தேறியது.

செல்வி மதினி: கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஆண் பிள்ளைக்கு இடது, பெண் பிள்ளைக்கு வலது பெருவிரல். அவள் அந்த விரலை உள்ளே வைத்துத்தான் முஷ்டியை மூடுவாள். பால் குடிக்கும்போது கை தானாகத் தளர்ந்தது, அப்போது பிடித்து ஒற்றிவிட்டேன். (படம்)

அம்மா: ஐயோ, மைக்கறை! கழுவினாயா?

செல்வி மதினி: தேங்காயெண்ணெய் வைத்துத் துடைத்தேன் அத்தை.

தாத்தா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேகை தெளிவாக இருக்கிறது.

*இன்று*

கணேசன் அண்ணன்: (படம்) வந்துவிட்டது. பதிவுச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும். ஐந்து வருஷம் செல்லும். விசா வந்ததும் கிளம்பலாம். திருவனந்தபுரத்தில் இறங்கி, தென்மலை வழியாகக் காரில்.

பெரியப்பா: மாநில எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் பிள்ளையிடம் பாஸ்போர்ட் கேட்பார்களோ 😄

அம்மா: அங்கே பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து, கோழி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். செல்வி, குடை எடுத்து வை. நேற்றே மலையில் மேகம் இறங்கிவிட்டது.