செக்‌ஷன் 8 வாடகைக்குப் பழைய வீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் விலை குறைந்த பழைய வீடு ஒன்றை வாங்கி, செக்‌ஷன் 8 வவுச்சர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் வாடகை உதவி) உள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமென்று பார்க்கிறேன். குடியிருப்பவர் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் தருவார், மீதியை ஹவுசிங் அத்தாரிட்டி (இந்த உதவியை நடத்தும் உள்ளூர் அரசு அமைப்பு) கொடுக்கும். அதுவரை சரி. ஆனால் ஏஜென்ட் சொல்லும் வாடகையை நம்ப மனம் வரவில்லை (விற்கிறவர் அப்படித்தான் சொல்வார்). வவுச்சர் இல்லாத அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுத்தானே ஹவுசிங் அத்தாரிட்டியில் வாடகைக்கு ஒப்புதல் தருவார்கள்? அந்த வாடகையை வாங்கும் முன்பே கணிப்பது எப்படி?

வீடு 1978-க்கு முன், அதாவது வீடுகளில் ஈய பெயின்ட் தடைசெய்யப்படும் முன் கட்டியது. ஜன்னல் சட்டங்களில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, ஈயம் இருக்குமோ என்று பயம். சரிசெய்ய எவ்வளவு ஒதுக்கலாம்? அப்புறம், வவுச்சருக்கு விடும் முன் நடக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் உங்கள் வீடு எதனால் தேறாமல் போனது? இந்த வாரத்துக்குள் விற்பவரிடம் நான் விலை சொல்லியாக வேண்டும்.