மான்டிவெர்டியின் ‘ஓர்ஃபியோ’: ‘திரில்லோ’ பாடுவதில் உதவி தேவை

1607இல் இத்தாலியின் மாந்துவா நகரில் அரங்கேறிய, இசையமைப்பாளர் மான்டிவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ இசை நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், மாண்டவர் உலகின் படகோட்டியான கேரோனை மனமிளகச் செய்ய நாயகன் ஓர்ஃபியோ பாடும் பாடலை ஆறு வாரங்களாகப் பயின்று வருகிறேன். நான் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல் வகை) குரலில் பாடுபவன். அச்சுப் பிரதியில் எளிய வரியும் அலங்கார வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மன்றாடுதலின் உயிர் அலங்கார வரியில்தான் இருப்பதால் அதையே பாட விரும்புகிறேன்.

ஒரே சுரத்தைத் தொண்டையால் விரைந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் ‘திரில்லோ’ வரும்போது, மெட்ரோனோமில் (வேகம் காட்டும் தாளக் கருவி) தட்டுக்கு நான்கு சுரங்கள் வீதம், நிமிடத்துக்கு 60 தட்டுகளைத் தாண்டியதும் சுரங்கள் ஒட்டிக்கொண்டு வெறும் நடுக்கமாகிவிடுகின்றன, தாடையும் இறுகுகிறது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. ஒவ்வொரு சுரத்தின் முன்னும் ‘ஹ’ சேர்த்தபோது தெளிவு வந்தது, ஆனால் அடி முடியும் முன்பே மூச்சு தீர்ந்துவிடுகிறது.

‘ஹ’ ஒலியின்றி, தாடை இறுகாமல் திரில்லோவைத் தொடங்க எந்தப் பயிற்சி உதவும்?