கச்சான் ஆயும் மெசினுக்கு பேட்டன்ட் எடுக்கலாமா? வீடியோ ஏற்கனவே போட்டுவிட்டேன்

வாகரை வெல்டர்

எல்லோருக்கும் வணக்கம். நான் வாகரைப் பக்கம், வெல்டிங் வேலை செய்கிறேன். அம்மா முக்கால் ஏக்கரில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர். செடியைப் பிடுங்குவது ஒரு நாள் வேலைதான். பிறகு குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செடியிலிருந்து கச்சானைக் கையால் ஆய்வதுதான் முதுகை முறிக்கும். போன போகம் அம்மாவின் பெருவிரல் நகத்தோரம் வெடித்து, சோறு பிசைந்து சாப்பிட ஏலாமல் கரண்டியால் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினேன்.

பழைய தையல் மெசினின் மிதிபலகை, அதில் சுற்றும் ஓர் உருளை, உருளையில் வளையம் வளையமாக வளைத்து ஒட்டிய சைக்கிள் கம்பிகள். செடியின் வேர்ப்பக்கத்தை நீட்டினால் கம்பி கச்சானைத் தட்டி விழுத்தும். முதல் மெசினில் பாதிக் கச்சான் கோது உடைந்தது. கம்பிக்கு மேல் சேலைன் குழாயை வெட்டி மாட்டினேன், உடைவது நின்றது. அடுத்த பிரச்சினை, விடியப்புறம் பனியில் நனைந்த செடி கம்பியில் சுற்றிக்கொள்ளும், வெயில் ஏறினால் காய்ந்த செடியில் கச்சான் தப்பிப் போகும். அதற்காக ஒரே ஒரு திருகைத் திருப்பினால் எல்லா வளையங்களின் இடைவெளியும் சேர்ந்து கூடிக் குறைகிற மாதிரிச் செய்திருக்கிறேன். இதற்கு மட்டும் ஏழு மாதம் போனது.

நாலு மாதத்துக்கு முன் பேஸ்புக்கில் வீடியோ போட்டேன். இப்போது ஒருவர் போன் எடுத்து, ஒன்றரை லட்சம் தந்தால் உலக பேட்டன்ட், அதாவது அனுமதியில்லாமல் வேறு யாரும் இதைச் செய்து விற்க முடியாத உரிமை, எடுத்துத் தருகிறேன் என்கிறார். உருளையைக் கடைந்து தந்த லேத்காரர் தனக்கும் பாதிப் பங்கு வேண்டும் என்கிறார். வீடியோ போட்டதால் எல்லாம் கெட்டுப்போனதா? எங்கே தொடங்குவது?

காத்தான்குடி ஹார்ட்வெயார்

தம்பி, முதலில் அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உலகம் முழுவதற்கும் ஒரே பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. நாட்டுக்கு நாடு தனித்தனி. இலங்கையில் கொடுப்பது கொழும்பு 10இல் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் மட்டும்தான். அம்மாவின் விரல் இப்போது எப்படி?

களுவாஞ்சிகுடி பட்டறை

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். பத்து வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில் நின்றவன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது தேங்காய் உரிக்கிற கருவி. நிலத்தில் நட்ட கூர்க்கம்பியில் குத்தி உரிக்காமல், நெம்புகோலை இழுத்தால் மட்டை விரிகிற மாதிரி. ஊரில் யாரிடமும் இல்லாததால் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். தேடிப் பார்க்காமல் விண்ணப்பம் போட்டேன். இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்க்கிற தேடல் அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது, கேரளத்தில் அதே யோசனை எப்போதோ வந்துவிட்டது. கட்டின காசும் போனது, ஒன்றரை வருடமும் போனது. ஊருக்குப் புதிது என்பது செல்லாது. உலகத்தில் எங்கே வெளிவந்திருந்தாலும் அது பழையதுதான்.

அதனால் இன்றிரவே உட்கார்ந்து தேடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனட், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் பழைய பேட்டன்ட்களைத் தேடுகிற இணையத்தளங்கள், இலவசம். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும், பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இப்போதே சொல்கிறேன், மனம் தளர வேண்டாம். கம்பி வளையம் வைத்த உருளையால் கச்சான் ஆய்வது இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் பல காலமாக இருக்கிறது. மிதிபலகையும் பழையது. சேலைன் குழாய் நல்ல யோசனை, ஆனால் அடிபடாமல் ரப்பர் மாட்டுவது அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றும் என்று விண்ணப்பத்தைப் பார்க்கிற பரிசோதகர் சொல்லக்கூடும். புதிதாக இருந்தால் மட்டும் போதாது, தொழில் தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருக்க வேண்டும், செய்து பயன்படுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த மூன்றையும் கேட்கிறது.

உங்கள் மெசினின் உயிர் அந்தத் திருகில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு திருகால் எல்லா இடைவெளியும் ஒன்றாக மாறுகிற அந்தப் பொறிமுறையைத் தேடலில் காணவில்லை என்றால், அதைச் சுற்றித்தான் விண்ணப்பம் எழுத வேண்டும். 'கச்சான் ஆயும் மெசின்' என்று பொதுவாகக் கோரினால் தள்ளிவிடுவார்கள். மிகவும் குறுக்கி, இத்தனை மில்லிமீற்றர், இன்ன சைக்கிள் கம்பி என்று எழுதினால் அடுத்தவன் கம்பியை மாற்றிப்போட்டுத் தப்பிவிடுவான். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் விஷயம் தெரிந்த பேட்டன்ட் முகவருக்குக் காசு கொடுப்பது வீண் இல்லை.

லேத்காரர் விஷயம். நீங்கள் கொடுத்த அளவுக்குக் கடைந்து தந்தார் என்றால் கூலிதான், அவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். திருகைப் பற்றி அவரும் ஏதாவது யோசனை சொல்லியிருந்தால் கதை வேறு. அதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள், பிறகு உட்கார்ந்து கதையுங்கள்.

இன்னொன்று. பேட்டன்ட் கையில் இருப்பதால் யாரும் கதவைத் தட்டி மெசின் வாங்க மாட்டார்கள். என் கருவிக்கு பேட்டன்ட் கிடைக்கவில்லை, ஆனாலும் நூற்றுக்கு மேல் விற்றேன். காரணம், கத்தி மழுங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தீட்டிக் கொடுத்தேன். அதே நேரம் கொழும்பில் ஒரு கம்பனியை நம்பி வரைபடத்தைக் கையில் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. ஆறு மாதத்தில் அவர்களின் கருவி கடைக்கு வந்தது. யாரிடம் காட்டுவதென்றாலும் இரகசியம் காப்போம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். திருகின் உள்பக்கத்தை இனிப் படம் எடுக்க விடாதீர்கள்.

விற்பதைப் பற்றியும் சொல்கிறேன். முக்கால் ஏக்கர்க்காரர், வருடத்தில் இரண்டு கிழமை வேலைக்காக மெசின் வாங்குவாரா? வாங்க மாட்டார். வாடகைக்கு எடுப்பார். உங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு இரண்டு மெசின் செய்து கொடுத்து, ஒரு போகம் ஓட விட்டுப் பாருங்கள். எந்தப் பெண் எந்த உயரத்தில் மிதிக்கக் கஷ்டப்படுகிறார், எது முதலில் தேய்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு கைத்தொழில் அபிவிருத்திச் சபைக்குப் போங்கள். மகாஇலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

ஒலுவில் மாணவி

வீடியோ கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அண்ணன், எங்கள் சட்டத்தில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு அவருக்கு எதிராக எண்ணப்படாது. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வீடியோவை அழிக்க வேண்டாம், பதிவேற்றிய திகதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்காக எட்டு மாதமும் முடியும் வரை இருக்கவும் வேண்டாம், இடையில் வேறொருவர் தானே கண்டுபிடித்து வெளியிட்டால் இந்தச் சலுகை காப்பாற்றாது. ஐரோப்பா போன்ற இடங்களில் இப்படிச் சலுகையும் இல்லை, வீடியோவில் தெரிந்த பகுதிக்கு அங்கே கதவு மூடிவிட்டது.

திருகின் உள்பக்கம் வீடியோவில் தெரிகிறதா? தெரியாவிட்டால் அது உங்களுக்கு நல்லது.

இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வேறு நாடுகளில் போட்டால் முதல் திகதியே கணக்கில் வரும். ஆனால் செலவு பெரிது, வாங்க ஆள் இருக்கிற நாட்டுக்கு மட்டும் யோசியுங்கள். பேட்டன்ட் கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், இடையில் வருடக் கட்டணத்தைத் தவறவிட்டால் போய்விடும். இலங்கை கண்டுபிடிப்பாளர்கள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. உங்களைப் போன்றவர்களுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை, அங்கேயும் ஒருக்கா கேளுங்கள்.

வாகரை வெல்டர்

அண்ணன், நானா, தங்கச்சி, மூவருக்கும் பெரிய நன்றி. அம்மாவின் விரல் ஆறிவிட்டது நானா.

நேற்றிரவு தங்கையின் மகனோடு பன்னிரண்டு மணி வரை தேடினேன். உருளை, வளையம், மிதிபலகை எல்லாம் அண்ணன் சொன்ன மாதிரியே கிடக்கிறது, பார்க்கக் கொஞ்சம் நெஞ்சு கனத்தது. ஒரே திருகில் இடைவெளி மாறுவதை இதுவரை காணவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உருளையின் பக்க மூடி பூட்டியிருக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

லேத்காரரோடும் கதைத்தேன். திருகின் புரியை இடக்கையாக, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகுகிற மாதிரிப் போடச் சொன்னது அவர்தான், இல்லாவிட்டால் உருளை சுற்றும்போது தானாகக் கழன்றுவிடும் என்றார். நான் அதை மறந்தே போயிருந்தேன். அதை எப்படி எடுத்துக்கொள்வது அண்ணன்?

களுவாஞ்சிகுடி பட்டறை

அப்படியென்றால் முகவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. புரி யோசனை விண்ணப்பத்தில் கோருகிற பகுதிக்குள் வந்தால் அவர் பெயரும் வர வேண்டும், அதை மறைத்தால் பின்னால் உங்கள் பேட்டன்டுக்கே ஆபத்து. பங்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அடுத்த வெள்ளி நான் வாழைச்சேனைக்கு வருகிறேன். மெசினை ஒருக்கா மிதித்துப் பார்க்க வேண்டும், நனைந்த செடி கொஞ்சம் எடுத்து வையுங்கள்.