கழுவிய டாங்கில் உடனே படரும் துரு: கலைச்சொல் வேண்டும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களில் துருப்பிடித்த பெட்ரோல் டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழற்றும் பகுதிக்குப் பட்டறைச் சொற்களே போதுமாயின. பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். பிறகு திறந்த வெளியில் கைப்பம்பால் பெட்ரோலை உலோகக் கேனுக்கு மாற்ற வேண்டும். நிலைமின் பொறி தெறிக்காதிருக்க, கேனையும் டாங்கையும் ஒயரால் இணைத்துவைக்க வேண்டும். டாங்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும்.

திணறுவது ஒரே இடத்தில். அமிலத்தில் துருவைக் கரைத்து, தண்ணீரில் அலசியதும், பளிச்சென்ற தகட்டில் சில நிமிடங்களில் காவி நிறத்தில் மெல்லிய துரு படர்கிறது. ஆங்கிலத்தில் ஃபிளாஷ் ரஸ்ட். ‘மின்னல்துரு’, ‘மீள்துரு’ இரண்டில் எது?

பட்டறைப் பயிற்சியாளர்:

மீள்துரு கூடவே கூடாது. பழைய துரு முழுதும் போகவில்லை, திரும்பி வந்துவிட்டது என்றே மாணவர் அதைப் படிப்பார். உடனே மறுபடி அமிலம் ஊற்றுவார். டாங்குத் தகட்டின் கனம் பெரும்பாலும் 1 மி.மீ. அளவுதான். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தங்கும் அடிப்பகுதி ஏற்கெனவே அரித்துக் குழி விழுந்திருக்கும். இரண்டாம் அமிலக் குளியலில் அந்தக் குழிகள் ஊசித்துளை ஆகும். அலசியபின் படரும் இந்தக் காவி பழைய துருவின் மிச்சம் இல்லை. காப்பு ஏதுமில்லாத புது இரும்பில் ஈரமும் காற்றும் பட்டு வருவது. சொல்லில் ‘புதிது’ என்பது தெரிய வேண்டும்.

இன்னொன்று. கையேட்டில் ‘காலி டாங்க்’ என்று 4 இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். பெட்ரோல் வடித்த டாங்க் காலி இல்லை, ஆவி நிறைந்தது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு ஆவி இருந்தால் தீப்பற்றும். நிறைந்த டாங்கில் ஆவி இந்த அளவைத் தாண்டி நிற்பதும் உண்டு. வடித்த டாங்கில்தான் அது சரியாக இந்த இடைவெளிக்குள் வந்து நிற்கும். ‘வடித்த டாங்க்’ என்றே போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘உடன்துரு’ என்று பலரும் சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே தடுக்கிறேன். னகரத்தின் முன் தகரம் றகரமாகும். உடன்+துரு ‘உடன்றுரு’ ஆகிவிடும். ‘உடன்று’ என்றால் சினந்து என்று பொருள். புணர்ச்சியை விட்டுவிட்டு எழுதலாம் என்றால் இலக்கணம் எதற்கு?

துரு, களிம்பு, கிட்டம் மூன்றையும் பிரித்தே ஆள வேண்டும். செம்போடு களிம்பு உடன்பிறந்தது என்பது, உயிரோடு உடன்பிறந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை. துரு அப்படியன்று, வெளியிலிருந்து வருவது. சித்த மருத்துவத்தின் மண்டூரமோ பழைய இரும்புக்கிட்டம், அதாவது இரும்பை உருக்கும்போது கழியும் கசடு. பழமைதான் அதன் தகுதி. ஆகவே இவற்றில் எதுவும் இங்கே உதவாது.

என் பரிந்துரை ‘பூந்துரு’. உப்புப் பூக்கிறது, பூஞ்சணம் பூக்கிறது, நெருப்பின் மேல் நீறு பூக்கிறது. மேற்பரப்பில் மெலிதாக, புதிதாக, தானே தோன்றுவதற்குத் தமிழில் வினை ‘பூத்தல்’தான். பூ முன் இன மெல்லெழுத்துத் தோன்றும் என்பதால் புணர்ச்சியும் நேர்.

வேளாண் நூல்களைத் தமிழாக்குபவர்:

ஐயா, கோதுமையில் வரும் துரு நோய்க்கு நாங்கள் ‘துரு’ என்றே எழுதுகிறோம். ‘பூந்துரு’ என்றால் எங்கள் வாசகர் பூவில் வரும் நோய் என்பார். ‘கணத்துரு’ ஆகாதா?

தமிழாசிரியர்:

கணம் நொடியும் ஆகும், கூட்டமும் ஆகும். தவிர, பெட்ரோல் டாங்கின் கையேட்டைக் கோதுமை விவசாயி எடுத்துப் படிக்கும் வாய்ப்புக்காகச் சொல்லைக் கைவிட முடியாது, அம்மா.

ஈழத்து வாசகர்:

எங்கட பேச்சில் இரும்புக்குக் ‘கறள்’ பிடிக்கும். ‘உடன்கறள்’ எண்டு வைத்தால் ஐயாவின் னகரச் சிக்கலே இல்லை. உடன்படிக்கை, உடன்கட்டை மாதிரி அப்படியே நிற்கும். உடனே வருவது எண்ட பொருளும் தெளிவு. கறளைக் கலைச்சொல்லாக எடுக்க ஏன் ஒருவரும் யோசிக்கிறதில்லை?

பயிற்சியாளர்:

கறள் நல்ல சொல்தான். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகும் மாணவர்களுக்குப் பழக்கமில்லை.

எந்தச் சொல் வந்தாலும் அதன் பக்கத்திலேயே வேலையும் இருக்கட்டும். உப்பு அமிலம் (ஹைட்ரோகுளோரிக்) வேண்டாம். அலசியபின் தங்கும் குளோரைடு துருவை இன்னும் வேகமாக வரவழைக்கும். பாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுச் செல்வதால் காவி படர்வது குறையும். சிட்ரிக் அமிலம் என்றால், வெளியே ஊற்றிய உடனே சலவைச் சோடாக் கரைசலால் அலசி, சூடான காற்றை உள்ளே செலுத்தி உலர்த்த வேண்டும். டாங்கின் உள்ளே உள்ள தடுப்புத் தகடுகளின் பின்னால் தண்ணீர் ஒளிந்திருக்கும். டாங்கை நாலு பக்கமும் கவிழ்க்காமல் வராது. காய்ந்த கையோடு உள்ளே எண்ணெய் சுழற்றிவிட வேண்டும். ஆறப் போட்டால் அந்தக் காவித் தூள் பெட்ரோலோடு போய் ஃபில்டரையும் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும். பல டாங்குகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு, எனவே அந்தக் கழிவுநீரைச் சாக்கடையில் விடக் கூடாது.

மொழிபெயர்ப்பவர்:

ஆசிரியர் பூந்துரு என்கிறார், இருவர் வேறு. நேரமில்லாததால் பூந்துரு என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் இப்படி: “பூந்துரு: கழுவிய புது இரும்பில் உடனே படரும் மெல்லிய துரு. பழைய துருவின் மிச்சம் அல்ல. மறுபடி அமிலம் ஊற்றாதே.” காலி டாங்க் 4 இடத்திலும் வடித்த டாங்க் ஆகிவிட்டது.

ஈழத்து வாசகர்:

சரி. ஆனால் சொல்லடைவில் ‘துரு’வுக்கு நேரே ‘கறள்’ எண்டும் ஒரு வரி போடுங்கோ. எங்கட ஊர்ப் பெடியள் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள்.

தமிழாசிரியர்:

அடைவில் கறள் வரட்டும், மறுப்பில்லை. உடன்கறளுக்கு மட்டும் உடன்பட மாட்டேன். ‘உடன்’ என்பதற்குக் ‘கூடவே’ என்ற பொருளும் உண்டு, பயிற்சியாளர் அஞ்சிய பழைய துரு அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.