முகப்பழக்கம் மட்டுமே உள்ள ஒருவர் உங்கள் முடிவை மாற்றியதுண்டா?

உவர்மலையான்:
2022 ஓகஸ்ட். பொருளாதார நெருக்கடியில் ஹோட்டல் தொழில் கிடந்த கிடையை இங்கே திருகோணமலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலாவெளியில் எனக்கு மூன்று மாதமாக அரைச் சம்பளம். கட்டாருக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். முகவருக்கு ஆறு இலட்சம். முதலில் விசிட் விசா, போய்ச் சேர்ந்ததும் வேலை விசா என்றார்கள். மனைவியின் தாலிக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் புறப்பட்டவன், மத்திய வீதியில் தேநீர் குடிக்க நுழைந்தேன்.

அங்கே அவர் இருந்தார். காலை பஸ்ஸில் இரண்டு வருடமாகத் தலையசைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான். எங்கோ களஞ்சியப் பொறுப்பாளர் என்று கேள்வி. எதற்காக அவரிடம் ஒப்பந்தத் தாளை நீட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தவர் கடைசியில் நிமிர்ந்து பார்த்தார். "இவர்களுடைய உரிம இலக்கம் எங்கே தம்பி?" அங்கேயே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துப் பெயரைச் சொன்னார். மறுமுனையில் தேடிப் பார்த்த அந்த இரண்டு நிமிடமும் என் கை சட்டைப் பையை விட்டு அகலவில்லை. அப்படியோர் உரிமமே இல்லை.

தாலிக்கொடி தப்பியது, முற்பணமாகக் கொடுத்த நாற்பதாயிரம் போய்விட்டது. இரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போனோமே, ஒரு நாளாவது வாய் திறந்து பேசியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிண்ணியா மேசன்:
எனக்குச் சொன்னவர் சீமெந்து லொறிச் சாரதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன், பாதை எனும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலத்திலிருந்தே மேசன் வேலை செய்கிறேன். கையில் ஒரு சான்றிதழ் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மூட்டை இறக்கும்போது சொன்னார். மதிப்பீடு செய்ய வந்தவர் நான் கட்டிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி ஆடி நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை. நின்றது. ஒரு நூலிழைகூட விலகவில்லை. இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். அந்தச் சாரதியை அதன்பின் காணவில்லை.

உப்புவெளிப் பெண்:
முதல் பதிவுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் உங்களுக்கு நல்லவர் வாய்த்தார். எனக்கு வாய்த்தது வேறு. கூட வேலை செய்த தோழி "உன் வருமானத்துக்கு ஒரு வழி, நல்ல ஆட்களின் பழக்கமும் கிடைக்கும்" என்று ஒரு மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். கோட்டு அணிந்தவர்கள், ஓயாத கைதட்டல். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, தெரிந்தவர்கள் 20 பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் முதலில் எழுதிய பெயர் என் சின்னம்மா. பலகாரம் சுட்டு விற்கிறவர். எழுதிய பிறகுதான் அந்தத் தாள் எதற்கென்று எனக்குப் புரிந்தது. புதிதாகச் சேர்பவர்களின் பணத்தில் ஓடும் இந்தப் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம் என்பதையெல்லாம் பின்னர்தான் அறிந்தேன். பழக்கம் பழக்கம் என்று புகழ்கிறீர்கள். அதை விற்றுத் தின்பவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:
என் கதை சிறியது. 2022இன் தொடக்கத்தில் மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்க இருந்தேன். இரவுத் தபால் ரயிலில் பக்கத்தில் இருந்த கணக்காளர் ஒருவர் பொறுக்கச் சொன்னார். ஏப்ரலில் மத்திய வங்கி, கடன் வட்டிகள் பின்தொடரும் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது.

தங்கச்சி உப்புவெளிக்குச் சொல்கிறேன்: உறவினரும் நெருங்கிய நண்பரும் நமக்குத் தெரிந்ததையேதான் அறிந்திருப்பார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் பொஸ்டன் பகுதியில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து எழுதினார். அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது கண்டவர்கள், அல்லது அரிதாகக் கண்டவர்கள். ஆகவே பழக்கத்தை வெறுக்காதீர்கள். சொல்பவருக்கு அதில் தரகு உண்டா என்று மட்டும் முகத்துக்கு நேரே கேளுங்கள். வேலையை விடுவதற்கு முன் சம்பளப் பிரிவில் இருப்பவரோடு பேசுங்கள். ஊழியர் சேமலாப நிதியை எடுத்து முச்சக்கரவண்டி வாங்கலாம் என்று நம்பி இராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்களை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். அதற்கு முன் 30 சதவீதம் எடுக்கலாம், அதுவும் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோதான். இதை முன்கூட்டியே சொல்ல ஒருவர் இல்லாமல் அவர்கள் அழுதது என்னால் மறக்க முடியாதது.

உவர்மலையான்:
சகோதரி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. தேநீர்க் காசையும் அவரே கொடுத்தார்.

கிண்ணியா மேசன்:
சின்னம்மா பணம் போட்டாரா அக்கா?

உப்புவெளிப் பெண்:
இல்லை. தாளைக் கொடுக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அழைத்துப் போனவள் தன் நகைகளை அடகு வைத்துப் போட்டாள். அவளை நான் அன்றே கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். இப்போது சந்தையில் கண்டால் அவள் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள்.