சவுத் பார்க் இரண்டாம் சுற்று: எங்கே தொடங்கலாம், எதைத் தள்ளலாம்?

கேள்வி: வெண்பனி_97

சவுத் பார்க் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தால் முதல் சீசன் நகரவே மாட்டேன் என்கிறது. குசு, வாந்தி, திரும்பத் திரும்பச் சாகும் பையன் கென்னியின் சாவு, மறுபடி குசு. 1997இல் "டிவியில் இதையெல்லாம் காட்டுகிறார்களா!" என்று வாய் பிளக்க வைத்தது இன்று யூடியூபில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதிர்ச்சி போனபின் மிஞ்சுவது என்ன?

300 எபிசோடுக்கு மேல் இருப்பதால் எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காது. எங்கே தொடங்கலாம்? சில எபிசோட்கள் ஸ்ட்ரீமிங்கில் ஏன் இல்லை? இதெல்லாம் நல்ல எழுத்தா, வெறும் வாய்த்துடுக்கா? ஸ்பாய்லர் பரவாயில்லை.

பதில் 1: கத்தரியும் பசையும்

முதல் மூன்று சீசனில் நாலைந்து மட்டும் பார்த்துவிட்டு நேராக 5ஆம் சீசனுக்குப் (2001) போங்கள். முதல் எபிசோடை மட்டும் விடாதீர்கள். அது நிஜமாகவே வண்ணக் காகிதத்தை வெட்டி, ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படம் பிடித்தது. அதன்பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்கள், ஆனால் காகிதம் மாதிரியே தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே தத்தக்கா பித்தக்கா நடையை வைத்துக்கொண்டார்கள். அந்த மட்டமான படம் சோம்பேறித்தனம் இல்லை. முகபாவத்துக்கு இடமே இல்லாததால் நகைச்சுவை முழுக்கக் குரலிலும் காட்சியை வெட்டும் நேரத்திலும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் தடவை அதைக் கவனித்துப் பாருங்கள்.

எழுத்தா வாய்த்துடுக்கா என்பதற்கு ஒரு எபிசோட் போதும்: 'ஸ்காட் டெனர்மன் மஸ்ட் டை', ஜூலை 2001. ஸ்காட் என்ற பெரிய பையன், தொடரின் நாலு பையன்களில் குண்டான கார்ட்மனிடம் 10 டாலருக்கு அந்தரங்க முடியை விற்று ஏமாற்றுகிறான். திருப்பிக் கேட்கப் போனால் மேற்கொண்டு 6 டாலர் 12 சென்ட் பறிபோகிறது. முதல் தடவை பார்க்கும்போது இது கார்ட்மனின் திட்டம் ஒவ்வொன்றாகச் சொதப்பும் கதை. முடிவு தெரிந்தபின் பார்த்தால் சொதப்பல் ஒன்றுகூட இல்லை. கூட்டாளிகள் ஸ்டானும் கைலும் போய் ஸ்காட்டிடம் போட்டுக்கொடுப்பார்கள், அவன் பதிலுக்கு ஒரு கண்ணி வைப்பான், தன் அப்பா அம்மாவையே குதிரைக்குட்டியை மீட்க அனுப்புவான், இதெல்லாம் கார்ட்மன் கணக்கிலேயே இருக்கிறது. கடைசியில் ஸ்காட்டின் அப்பா அம்மாவையே இறைச்சியாகப் போட்ட அந்தச் சில்லிக் குழம்புக் கிண்ணம் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே நமக்கு வயிறு கலங்குகிறது. கொச்சை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கொச்சையும் ஒரு ஆணி. பிடுங்கினால் கதை விழும்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. மாட் ஸ்டோனோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கர் 2011இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் சொன்னது: ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே "அப்புறம்" என்று வந்தால் கதை செத்தது, "அதனால" அல்லது "ஆனா" வரவேண்டும். முதல் சீசனை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள், பாதிக்குமேல் "அப்புறம்"தான். உங்களுக்குச் சலிப்பதற்குக் காரணம் வயதோ யூடியூபோ இல்லை.

பதில் 2: ஒளிபரப்புப் பெட்டி

விடுபட்டவை பற்றி. 2020 ஜூனில் தொடர் ஹெச்பிஓ மேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்குப் போனபோது ஐந்து எபிசோட் போகவில்லை: 'சூப்பர் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' (2001), 'கார்ட்டூன் வார்ஸ்' இரண்டு பாகம் (2006), '200', '201' (இரண்டும் ஏப்ரல் 2010). ஐந்துக்கும் ஒரே காரணம், முகம்மது நபியைச் சித்திரித்தது அல்லது சித்திரிக்கலாமா என்று விவாதித்தது. வேடிக்கை என்னவென்றால் 2001இல் அந்த உருவம் மறைக்காமலே ஒளிபரப்பாகி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டென்மார்க் நாளிதழில் நபியின் கேலிச்சித்திரங்கள் வந்த சர்ச்சைக்குப் பிறகுதான் சேனல் பயந்தது. '201'இல் பெயரைக்கூட பீப் போட்டார்கள், கடைசியில் கைல் பேசும் "இன்று கற்ற பாடம்" முழுவதும் ஒரே நீளமான பீப். தெரியாதவர்கள் அதையும் ஜோக் என்றே நினைத்துவிடுவார்கள். இல்லை, சேனல் செய்த வெட்டு.

சட்டபூர்வமாகப் பார்க்கப் பழைய டிவிடி பெட்டி ஒரு வழி. 5ஆம் சீசன் பெட்டியில் 2001 எபிசோட் இருக்கிறது, 14ஆம் சீசன் பெட்டியில் '201' பீப்போடுதான் வருகிறது. அந்தப் பெட்டிகளில் இன்னொரு லாபமும் உண்டு: எபிசோடுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் பார்க்கரும் ஸ்டோனும் பேசும் சின்ன விளக்கவுரை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது நிறுத்திவிடுகிறார்கள், மற்ற டிவிடிகள் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு.

படத்தின் அளவு: முதல் 12 சீசன் பழைய டிவியின் 4:3 அளவில் ஒளிபரப்பானவை, 2009இலிருந்துதான் அகலத்திரை. இப்போது ஸ்ட்ரீமிங்கில் வரும் பழைய சீசன்கள் மூலக் கோப்புகளிலிருந்து அகலத்திரைக்கு (16:9) மறுபடி உருவாக்கியவை. அதைப் பார்ப்பதில் தப்பில்லை. டிவிடி போட்டால் மட்டும் டிவியின் "இழுத்து நிரப்பு" வசதியை அணைத்துவிடுங்கள். கார்ட்மன் ஏற்கெனவே போதுமான அகலம்.

பதில் 3: எதிர்வெயில்

முதல் பதிலில் பாதிதான் சரி. கட்டமைப்பு நன்றாக இருந்தும் காலத்தில் கெட்டுப்போனவை உண்டு. எது கெடும் எது நிற்கும் என்று பார்க்க ஒரே கேள்வி: அடி யார் முதுகில் விழுகிறது?

2007இன் 'வித் அபாலஜீஸ் டு ஜெஸ்ஸி ஜாக்சன்' எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டானின் அப்பா ரேண்டி டிவி நேரலைப் போட்டியில் விடுபட்ட எழுத்தை நிரப்பப் போய் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வார்த்தையைக் கத்திவிடுகிறார். டிவியில் அதைவிட ஆபத்தான வார்த்தை கிடையாது. ஆனாலும் இன்றும் நிற்கிறது, ஏனென்றால் சிரிப்பு ரேண்டியின் சுயபச்சாதாபத்தைப் பார்த்து. ஸ்டான் ஒவ்வொரு தடவையும் "எனக்குப் புரியுது" என்று போய் நிற்பான், கடைசியில் "எனக்குப் புரியவே இல்லை" என்று சொன்ன பிறகுதான் அவனுடைய கறுப்பின நண்பன் சமாதானமாவான். அதற்கு இரண்டு வருடம் முந்தைய, பையன்களின் ஆசிரியர் மிஸ்டர் கேரிசனின் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை எபிசோடைப் போட்டுப் பாருங்கள். அங்கே அடி விழுவது அந்த அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மேலேயே. ஒரே ஒப்புமையைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். முதல் தடவையே புளித்த சரக்கு.

அரசியலில் இன்னொரு கோளாறு: "ரெண்டு பக்கமும் முட்டாள்" என்பதே நிரந்தர நிலைப்பாடு. 2006இல் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் பருவநிலை எச்சரிக்கையை 'மேன்பேர்பிக்' (மனிதன்-கரடி-பன்றி) என்ற இல்லாத பூதமாக்கிக் கிண்டலடித்தார்கள். 2018 நவம்பரில் அதே பூதம் நிஜமாகவே வந்து ஊரைக் கிழிக்கிறது, பையன்கள் கோரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து பாருங்கள். தன் பழைய ஜோக் தப்பு என்று சொல்ல இரண்டு முழு எபிசோட் செலவழித்த நகைச்சுவைத் தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதைக்கூடப் பழைய ஜோக்கை வைத்தே செய்தார்கள் என்பது சாமர்த்தியமா நழுவலா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெண்பனி_97

சரி, செய்தியை ஒட்டி எழுதியவை? ஆறு நாளில் ஒரு எபிசோட் செய்வார்கள் என்கிறார்களே, அவை இன்று புரியுமா?

பதில் 4: ஒளிபரப்புப் பெட்டி

ஆறு நாள் உண்மைதான். வியாழக்கிழமை வெறும் கையோடு உட்கார்ந்து அடுத்த புதன் ஒளிபரப்பு. முதல் தடவையாகத் தவறவிட்டது 2013 அக்டோபரில், ஸ்டுடியோவில் மின்சாரம் போய்.

புரியுமா என்றால், எதை ஒட்டி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு ஆளின் பெயரை மட்டும் நம்பிய ஜோக் அந்தப் பெயரோடு போய்விடும். 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஃபாரெவர்' 2005 மார்ச் 30இல் வந்தது, வருடக்கணக்கில் நினைவற்றுக் கிடந்து, நீதிமன்ற வழக்குக்குப் பின் உணவு செலுத்தும் குழாய் அகற்றப்பட்ட டெர்ரி ஷைவோ மறுநாள் இறந்தார். இன்று அந்த வழக்கு தெரியாமலும் அது ஓடும், காரணம் ஆளை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக் கத்தும் கூட்டத்தைப் பிடித்தார்கள். எம்மி விருதும் கிடைத்தது. 2009இன் 'மார்கரிட்டாவில்' அதே வகை: நிதி நெருக்கடியில் "பொருளாதாரம்" என்பதைக் கோபக்கார தெய்வமாக்கி ஊரே போர்வை போர்த்தி நோன்பிருக்கும். அடுத்த நெருக்கடிக்கும் செல்லும்.

தோற்றது 20ஆம் சீசன் (2016). பத்து எபிசோடும் ஒரே தொடர்கதை, அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி ஜெயிப்பார் என்ற கணக்கில் போனது. தேர்தலுக்கு மறுநாள் வரவேண்டியதை ஒரே இரவில் திருத்தி எழுதினார்கள். ஆறு நாள் வேகமும் தொடர்கதையும் சேரவே சேராது. தனி எபிசோட் கோணினால் அடுத்த வாரம் மறந்துவிடலாம், தொடர்கதையில் கோணல் கடைசிவரை கூடவே வரும். அதன் இரண்டாம் பாதியில் நூல்கள் தொங்கிக்கொண்டே நிற்கும். அந்தச் சீசனைத் தாராளமாகத் தள்ளுங்கள்.

பதில் 5: மூக்குத்தி_மீம்

யாரும் சொல்லாத ஒன்று: 'பிரிட்னிஸ் நியூ லுக்' (மார்ச் 2008). அப்போது பிரிட்னி ஸ்பியர்ஸைக் கேவலப்படுத்தியது என்று திட்டினார்கள். அவர் நீதிமன்றப் பாதுகாவலின் கீழ் (அவருடைய பணமும் வாழ்க்கையும் வேறொருவர் கையில்) வைக்கப்பட்டு ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து 2021இல் அது நீங்கிய பிறகு பார்த்தால், தலை பாதி போன பெண்ணை இன்னும் குண்டாகிவிட்டாள் என்று குறை சொல்லும் கூட்டம்தான் பூதம்.

கென்னி சாவதைப் பற்றியும். 14ஆம் சீசனில் (2010) கென்னி முகமூடி நாயகனாக வரும் மிஸ்டீரியன் கதை மூன்று எபிசோட் வரும். அதில் கென்னி சொல்கிறான்: ஒவ்வொரு சாவும் அவனுக்கு வலித்திருக்கிறது, எல்லாம் ஞாபகமும் இருக்கிறது, மற்றவர்களுக்குத்தான் மறுநாள் மறந்துபோகிறது. அந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு நீங்கள் சலிக்கிறது என்று சொன்ன முதல் சீசனைப் போடுங்கள். "ஐயோ, கென்னியைக் கொன்னுட்டாங்க" என்று இவர்கள் கத்திவிட்டுத் திரும்பிக்கொள்கிற இடத்தில் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் மாட்டும்.

வெண்பனி_97

அப்படியானால் வரிசை: முதல் எபிசோட், மிஸ்டீரியன் மூன்று, மறுபடி முதல் சீசனில் நாலு, பிறகு 5ஆம் சீசன். மேன்பேர்பிக் மூன்றும் ஒரு ஞாயிறு. 20 வேண்டாம். டிவிடி பெட்டி கிடைத்தால் 5ஆவது முதலில்.